எந்த வைரம்?

போன மாசியில் எங்கள் ஊர்ப் பழைய வீட்டின் தாழ்வாரத்தைப் பிரித்தோம். ஓட்டுக்கு அடியில் கிடந்த பனங்கைகளை இறக்கி வாசலில் போட்டதும், ஆசாரி ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். சில மரங்கள் 'தொப்' என்றன. சில மரங்கள் 'டங்' என்று வெண்கலம் மாதிரி ஒலித்தன. அப்படி ஒலித்ததை எல்லாம் தனியே ஒதுக்கி வைத்தார். "இதை மட்டும் வித்துறாதீங்க தம்பி. வைரம் பாஞ்ச மரம். உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

அன்று ராத்திரியே வீட்டில் இன்னொரு வைரப் பேச்சு வந்தது. உறவில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு வாங்கிய தோட்டின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பில்லில் 'டைமண்ட்' என்று ஒரே ஒரு சொல். பூமியில் எடுத்ததா, ஆலையில் வளர்த்ததா, அமெரிக்கன் டைமண்ட் என்கிறார்களே அதுவா என்று அத்தை கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. "டைமண்டுன்னா டைமண்டுதானே அத்தை?" என்றான் பையன்.

அப்படி இல்லை. தமிழில் வைரம் என்பது ஒரே சொல் போலத் தெரியும் பல சொற்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நம் மொழியின் அழகு புலப்படும், கடையில் ஏமாறாமலும் இருக்கலாம்.

முதலில் கல். வடமொழியில் 'வஜ்ர' என்றால் இந்திரன் கையிலுள்ள ஆயுதம். எதனாலும் அழியாத அந்த ஆயுதத்தின் பெயரையே, எதனாலும் கீற முடியாத கல்லுக்கும் வைத்தார்கள். அந்தச் சொல் பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து தமிழில் 'வயிரம்' ஆனது. பழைய நூல்களில் வயிரம் என்றே இருக்கும். நாம் இன்று எழுதும் வைரம் அதன் இன்னொரு எழுத்து வடிவம். தேயாமல் நேராக வந்த 'வச்சிரம்' என்ற வடிவமும் உண்டு. அந்தச் சொல்லுக்குத் தச்சர்களிடம் தனியாக ஒரு பிழைப்பு கிடைத்தது. டப்பாவில் அடைத்த பசை கடைக்கு வருவதற்கு முன்னால், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கட்டிப் பசையை உருக்கித்தான் பலகைகளை ஒட்டினார்கள். அந்தப் பசைக்குப் பெயர் வச்சிரம். ஒட்டினால் விடாது என்பதால் இந்திரனின் ஆயுதம் தச்சுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது பகை. 'ஜென்ம வைரி', 'தீராத வைரம்' என்று சொல்கிறோமே, இந்த வைரத்துக்கும் கல்லுக்கும் பிறப்பில் உறவு இல்லை. இது வடமொழியில் வீரன் என்ற சொல்லோடு தொடர்புடைய 'வைர' என்ற வேறு சொல். வேறு வேறு வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள் தமிழுக்கு வந்தபோது ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன.

மூன்றாவதுதான் ஆசாரி சொன்ன வைரம், மரத்தின் வைரம். எனக்கு எல்லாவற்றிலும் மிகவும் பிடித்தது இதுதான். இங்கேதான் தமிழ் தன் சொந்த அனுபவத்தை இந்தச் சொல்லுக்குள் ஏற்றியிருக்கிறது.

தேக்கு, வேம்பு, பூவரசு போன்ற மரங்களை அறுத்துப் பார்த்தால் நடுவில் கருத்த வட்டமும் அதைச் சுற்றி வெளுத்த வளையமும் தெரியும். வெளுத்த பகுதி வழியாகத்தான் வேர் உறிஞ்சிய தண்ணீர் மேலே ஏறும். மரத்துக்கு வயது ஏற ஏற உள்பக்கத்து உயிரணுக்கள் இறந்துபோகும். அவற்றுக்குள் பிசினும் எண்ணெயும் துவர்ப்பான பொருள்களும் படிந்து நிறம் கருக்கும், கெட்டிப்படும். கரையானுக்கு அது எளிதில் இரையாகாது. அந்த உட்பகுதியை நாம் வைரம் என்கிறோம். வெளுத்த பகுதிக்குப் பழந்தமிழில் வெளிறு என்று பெயர். கற்றவரிடமும் ஆராய்ந்து பார்த்தால் கொஞ்சம் அறியாமை இருக்கத்தான் செய்யும் என்று சொல்ல வந்த வள்ளுவர், அறியாமைக்குப் போட்ட சொல் இந்த வெளிறுதான். மரத்தில் முற்றாத பகுதி எதுவோ அதுவே மனிதனிலும் முற்றாத பகுதி.

வைரத்துக்கு இணையாகத் தமிழிலேயே காழ் என்றொரு சொல் இருந்தது. உள்ளே காழ் உள்ளவை மரம், வெளியே காழ் உள்ளவை புல் என்று தொல்காப்பிய மரபியல் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். எங்கள் வீட்டுப் பனங்கையின் குறுக்கு வெட்டைப் பார்த்தபோது அதன் உண்மை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நடுவில் சோறு போலத் தளர்ந்த நார். விளிம்பை நெருங்க நெருங்கக் கருப்பு இழைகள் அடர்ந்து, ஓரத்தில் இரும்புக் கம்பிகளை அடுக்கியது போன்ற கெட்டி. பனைக்கும் தென்னைக்கும் வருட வளையம் கிடையாது, அவற்றின் பலமெல்லாம் விளிம்பில்தான். இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று சொல்லிப் புல்லோடுதான் சேர்க்கிறது.

காழ் என்ற சொல்லின் பிள்ளைதான் காழ்ப்பு. காழ்ப்புணர்ச்சி என்று இன்றும் எழுதுகிறோம். மரத்தில் கெட்டிப்பட்டது காழ், மனத்தில் கெட்டிப்பட்டது காழ்ப்பு. ஆகவே பகை என்ற பொருளில் வடக்கிலிருந்து வைரம் வந்தபோது, கல், மரம், மனம் மூன்றையும் கெட்டிப்படுதல் என்ற ஒரே நூலில் கோக்கத் தமிழ் ஏற்கெனவே தயாராக இருந்தது. எண்பது வயதில் வயலுக்குப் போகும் பாட்டியை 'வைரம் பாஞ்ச கட்டை' என்று மெச்சுகிறோம். மனசுல வைரம் வச்சிருக்கான் என்று இன்னொருவனைக் கண்டு ஒதுங்குகிறோம். முற்றுவது மரத்துக்கு நல்லது, கோபத்துக்கு நல்லதல்ல. இரண்டையும் சொல்ல ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது.

உறவு போலத் தெரிந்தும் உறவில்லாத சில சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைராக்கியம் 'விராகம்' என்பதிலிருந்து வந்தது, அதாவது பற்றற்ற நிலை. வைரம் போன்ற உறுதி என்று நாம் நினைத்துக்கொள்வதால் அந்தப் பொருளிலேயே புழங்குகிறது. வைரவன் என்ற பெயர் பைரவரைக் குறிக்கும். அதிலும் கல் இல்லை.

ஆங்கிலத்தின் டைமண்ட், கிரேக்கத்தின் 'அடமாஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வெல்ல முடியாதது என்று பொருள். நம் ஊருக்கு வந்தபின் அது ஒரு வடிவத்தின் பெயராகவும் வாழ்கிறது. சீட்டுக்கட்டில் டைமன். எண்ணெயில் பொரித்த மைதா மாவில் டைமன் பிஸ்கட். கணக்குப் புத்தகத்தில் அதே வடிவத்துக்குச் சாய்சதுரம் என்று பெயர். வடிவத்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பட்டை தீட்டாத வைரம் பல நேரம் எட்டு முகத்தோடு, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல, மண்ணிலிருந்து கிடைக்கும். அதைப் பக்கவாட்டில் பார்த்தால் டைமன் சீட்டு.

விழாக்களில் ஒரு குழப்பம் உண்டு. தமிழில் 25 வெள்ளி விழா, 50 பொன்விழா, 60 வைர விழா, 75 பவள விழா. அறுபதை வைரம் என்று அழைக்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது 1897ல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைந்ததற்கு எடுத்த விழா. அதற்கு முன் மேலை நாடுகளில் 75ஐத்தான் வைரத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். அதனால்தான் சில நிறுவனங்கள் 75க்கும் வைர விழா என்று அழைப்பிதழ் அடிக்கின்றன. தமிழில் எழுதுகிறவர்கள் 75க்குப் பவளம் என்றே எழுதலாம். அழகான சொல்லை விட்டுவிட வேண்டாம்.

பவளமும் வைரமும் சென்னையில் ஒரே தெருவில் இருந்தவை. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இன்றும் இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே குடியிருந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்குப் பதிலாகக் கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து வந்த வைரங்களை ஏற்றி அனுப்பினார்கள். பிரேசிலில் 1720களில் வைரம் கண்டுபிடிக்கப்படும்வரை, போர்னியோத் தீவில் கிடைத்த கொஞ்சத்தைத் தவிர, உலகத்துக்கு வைரம் கொடுத்தது இந்தியா. கோல்கொண்டா வைரம் என்று பெயரே தவிர, கோல்கொண்டா ஒரு கோட்டை, ஒரு சந்தை. கற்கள் கிடைத்தது கொல்லூர் போன்ற ஆற்றோர ஊர்களில்.

கொல்லூரில் கிடைத்த 410 காரட் கல் ஒன்று, 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் கைக்கு வந்தது. அவர் அதை லண்டனுக்கு அனுப்பிப் பட்டை தீட்டினார். அதில் 140 காரட்டுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு பெரிய கல் மிஞ்சியது. 1717ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றார். ரீஜன்ட் என்ற பெயரோடு அது இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கல்லைத் தரம் பார்க்கும் கலை நமக்கு இன்னும் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைப் பார்த்துக்கொண்டு போகிறான். அங்கே வைரத்தின் குற்றங்களாக நான்கைச் சொல்கிறார் இளங்கோ: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற கீறல், கலங்கல், புள்ளி, கோடு. இன்றைய ஆய்வகச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இறகு, மேகம், ஊசிமுனைப் புள்ளி என்ற பெயர்களில் கிட்டத்தட்ட அதே குறைகளைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். காக்கையின் காலைப் பார்த்த கண்ணும் இறகைப் பார்த்த கண்ணும் ஒரே விரிசலைத்தான் பார்த்திருக்கின்றன.

சரி, கல் என்ன பொருளால் ஆனது? கரி. அடுப்புக்கரியிலும் பென்சில் முனையிலும் உள்ள அதே கார்பன். 1772ல் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தார், கரியமில வாயு வந்தது. 1797ல் ஸ்மித்சன் டென்னன்ட் வைரம் முழுக்கக் கார்பன்தான் என்று எடை போட்டு நிறுவினார். பென்சில் முனையில் கார்பன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கியிருக்கும், அதனால் எழுதும்போது உதிர்ந்து தாளில் ஒட்டும். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கமும் நான்கு அணுக்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிடிதான் கெட்டி. பூமிக்குள் சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தவை இயற்கை வைரங்கள்.

கெட்டி என்றால் உடையாது என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் நல்ல கற்கள் போயிருக்கின்றன. வைரத்தை இன்னொரு வைரத்தைத் தவிர நகையில் உள்ள வேறு எதுவும் கீறாது என்பது உண்மை. ஆனால் அதற்குச் சில திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு, விறகுக்கு இழை ஓடுவது போல. அந்தத் திசையில் அடி விழுந்தால் பிளந்துவிடும். உண்மையான வைரமா என்று சுத்தியலால் அடித்துப் பார்ப்பது கல்லைக் கொல்வது. வைரத்தை வைரத்தாலேயே அறுக்க முடிவதும் இந்தத் திசை வேறுபாட்டினால்தான். எல்லாத் திசையிலும் வைரம் ஒரே கெட்டி அல்ல. வைரத்தூளில் துகள்கள் பல திசையிலும் திரும்பிக் கிடப்பதால், கெட்டியான முகம் எதுவோ அது எதிரே உள்ள கல்லைத் தேய்க்கிறது.

எங்கள் பாட்டியின் ஏழு கல் தோடு வெள்ளிக்கிழமைதோறும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறும். எண்ணெய்த் தலையோடு போட்டுக்கொண்டிருந்ததால் வாரம் முழுக்க மங்கியே இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பின்பக்கத்தை மெதுவாகத் தேய்த்துத் துணியில் ஒற்றினால் ஏழு கல்லும் சட்டென்று விழித்துக்கொள்ளும். வைரம் தண்ணீரோடு ஒட்டாது, எண்ணெயை விடாது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு, மசகு பூசிய மேசைமேல் ஓடவிட்டால் மற்றக் கற்கள் எல்லாம் வழிந்து போகும், வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பாட்டி தன் தோட்டை 'புளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வார். தமிழ்நாட்டு வைரப் பேச்சில் இன்றும் புழங்கும் இந்தச் சொல் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. அங்கே 1870ல் வைரம் கிடைத்தது. அந்தச் சுரங்கத்து வெள்ளைக் கற்கள் சில, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் மெல்லிய நீலம் காட்டின. சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே இன்று கடையில் புளூ ஜாகர் என்று யாராவது சொன்னால் அது ஊரின் பெயர் அல்ல, நீலம் காட்டும் ஒரு குணத்தின் பெயர். இன்றைய சந்தையில் அதிகமாக நீலம் ஒளிரும் நிறமற்ற கல்லுக்கு விலையைக் குறைத்துத்தான் போடுகிறார்கள். பாட்டி காலத்தில் மதிப்பு, இன்று கழிவு. இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

எடைக்கு வருவோம். நம் தட்டார்கள் குன்றிமணியையும் மஞ்சாடி விதையையும் வைத்து எடை பார்த்தது போல, மத்தியதரைக் கடல் ஓரத்தில் கேரப் என்ற மரத்தின் விதையை வைத்து எடை பார்த்தார்கள். காரட் என்ற சொல் அந்த விதையிலிருந்து வந்தது. 1907ல் ஒரு காரட் 200 மில்லிகிராம் என்று நிர்ணயித்தார்கள். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். பத்து சென்ட் கல் பத்து சேர்ந்தால் ஒரு காரட் எடை வரும், ஒரு காரட் கல்லின் விலை வராது. பெரிய கல் அரிது என்பதால் அதற்கு விலை பல மடங்கு.

தங்கத்துக்கும் காரட் என்றே சொல்கிறோம். அங்கே அது எடை அல்ல, சுத்தம். 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. வைர நகையைப் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்வார்கள், கல்லைப் பிடிக்கும் கொக்கி வளையாமல் இருப்பதற்காக. அதில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். '18 காரட் டைமண்ட் தோடு' என்று விளம்பரத்தில் வந்தால் பதினெட்டு காரட் எடையுள்ள வைரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இருக்கும் கல் 18 சென்ட்டாகக்கூட இருக்கலாம்.

இனி அத்தையின் கேள்வி. கடையில் இன்று டைமண்ட் என்ற பெயரில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கின்றன.

அமெரிக்கன் டைமண்ட், சுருக்கமாக ஏ.டி. கல், வைரமே அல்ல. அது சிர்கோனியம் ஆக்சைடு. அதில் கார்பன் கிடையாது. வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். அழகான கல், மலிவான கல், அதை அந்தப் பெயரில் வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. இதே வரிசையில் மொய்சனைட் என்று இன்னொன்று, சிலிக்கான் கார்பைடு. கடைகளில் கல்லின்மேல் வைத்துச் சோதிக்கும் பேனா போன்ற கருவி வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது என்றுதான் பார்க்கும். மொய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அந்தப் பேனாவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

இரண்டாவது, ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இது வைரம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அதே கார்பன், அதே பிடி, அதே கெட்டி. 1954ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் மிகுந்த அழுத்தமும் வெப்பமும் கொடுத்துச் செய்துகாட்டினார்கள். இன்று மீத்தேன் வாயுவிலிருந்து கார்பனைப் பிரித்து, படலம் படலமாகப் படியவைத்து, சில வாரங்களில் வளர்க்கிறார்கள். கண்ணாலோ லென்ஸாலோ வேறுபாடு தெரியாது, ஆய்வகக் கருவிதான் சொல்லும். விலை இயற்கைக் கல்லைவிட மிகக் குறைவு, திரும்ப விற்கும்போது இன்னும் குறைவு.

மூன்றாவது, பூமியிலிருந்து வந்த வைரம்.

இதில் வைரம் என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உலக அளவில் தீரவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2015ல் வெளியிட்ட விதிப்படி, வெறுமனே டைமண்ட் என்று சொன்னால் அது இயற்கைக் கல். ஆய்வகக் கல்லுக்கு அடைமொழி கட்டாயம். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2018ல் தன் விளக்கத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆய்வகக் கல்லை விற்கும்போது அப்படித்தான் என்று சொல்லியாக வேண்டும், ஆனால் வைரத்தின் இலக்கணம் பிறந்த இடத்தில் இல்லை என்பது அவர்கள் வாதம். வேதியியல்படி அவர்கள் சொல்வது சரி. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஐ.எஸ்.ஓ. சொல்வதுதான் பாதுகாப்பு. நான் இந்தப் பக்கம்தான்.

கல்யாணத்துக்கோ சீர்வரிசைக்கோ வைரம் வாங்கப் போகிறவர்கள் நான்கு விஷயங்களைப் பில்லில் எழுத்தில் கேளுங்கள். கல் இயற்கையா, ஆய்வகமா, ஏ.டி.யா என்பது ஒன்று. கல்லின் எடை மட்டும் தனியே, எத்தனை சென்ட் என்பது ஒன்று. தங்கம் எத்தனை காரட், எத்தனை கிராம் என்பது ஒன்று. சான்றிதழ் எண் ஒன்று. சான்றிதழ் உள்ள பல கற்களின் விளிம்பில் அந்த எண்ணைப் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள், லென்ஸ் கேட்டு வாங்கிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இ.எஃப். கலர், வி.வி.எஸ். கிளாரிட்டி என்று வாயால் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த நான்கையும் எழுதித்தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.